ஆய்வேட்டில் சொற்களை மாற்றி எழுதினால் போதுமா?

கேள்வி இது: முனைவர் பட்ட ஆய்வேட்டின் இரண்டாம் இயலை எழுத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் போட்டுப் பார்த்தால் 34 சதவீதம் ஒப்புமை காட்டுகிறது. "சொற்களை மாற்றி எழுதிக்கொண்டு வா" என்கிறார் நெறியாளர். எதை மேற்கோளாகத் தருவது, எதைச் சுருக்குவது, எதைச் சொந்த நடையில் எழுதுவது?

இந்த விஷயத்தில் நானே ஒருமுறை நன்றாக மாட்டியிருக்கிறேன், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஆய்வு மாணவனாக இருந்தபோது நூலகத்தில் உட்கார்ந்து நோட்டில் குறிப்பெடுப்பேன். பிடித்த பத்தியை அப்படியே எழுதிக்கொள்வேன். மேற்கோள் குறி போடமாட்டேன், பக்க எண்ணும் கிடையாது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்புதான். இரண்டு வருடம் கழித்து அந்த நோட்டை வைத்து இயல் எழுதும்போது எது நூலாசிரியர் வாக்கியம், எது என் வாக்கியம் என்று எனக்கே தெரியவில்லை. எல்லாம் என் கையெழுத்து! படித்துக்கொண்டே வந்த நெறியாளர் ஒரு சொல்லின் கீழே பென்சிலால் கோடு போட்டார். 'ஈண்டு' என்ற சொல். 'இங்கே' என்பதற்குப் பழைய நடை. "நீ எப்பய்யா ஈண்டுன்னு எழுத ஆரம்பிச்ச?" அவ்வளவுதான் கேட்டார். அந்தப் பத்தி எந்தப் பழைய நூலிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது.

அன்றைக்கு மென்பொருள் கிடையாது. நடை மாறியதை ஒரு மனிதர் காதிலேயே பிடித்துவிட்டார். உங்கள் தேர்வாளரும் பிடிப்பார்.

சரி, சொற்களை மாற்றுவதற்கு வருவோம். மாதிரிக்கு நானே ஒரு பத்தி எழுதுகிறேன். ஒரு நூலின் 45ஆம் பக்கத்தில் இது இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்:

"1934இல் மேட்டூர் அணை பயன்பாட்டுக்கு வந்தது. அதன் பிறகு டெல்டா உழவர் குறுவைக்கு ஆற்றின் வெள்ளத்தை எதிர்பார்ப்பதை விட்டு, அணை திறக்கும் நாளை எதிர்பார்க்கத் தொடங்கினார். ஜூன் 12 அவர் வீட்டு நாட்காட்டியில் இன்னொரு பொங்கல் ஆயிற்று."

பெரும்பாலான மாணவர்கள் இதை 'மாற்றி' எழுதும் விதம்:

"1934ஆம் ஆண்டு மேட்டூர் அணை புழக்கத்துக்கு வந்தது. அதற்குப் பின்னர் டெல்டா விவசாயி குறுவைக்கு நதியின் பெருக்கை எதிர்நோக்குவதைக் கைவிட்டு, அணை திறக்கப்படும் தினத்தை எதிர்நோக்கலானார். ஜூன் 12 அவர் இல்ல நாட்காட்டியில் மற்றொரு பொங்கலாயிற்று."

உழவர் விவசாயி ஆனார், ஆறு நதி ஆனது, வீடு இல்லம் ஆனது. எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. தமிழும் கெட்டுவிட்டது: ரூபாய் நோட்டு புழக்கத்துக்கு வரும், அணை வருமா? ரெபெக்கா மூர் ஹவர்டு என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990களிலேயே இதற்கென்று ஒரு பெயர் வைத்தார். தமிழில் 'ஒட்டுப்போட்ட எழுத்து' எனலாம். இதை வெறும் திருட்டாக அவர் பார்க்கவில்லை. படித்தது முழுதாகப் பிடிபடாத மாணவர், மூலத்தின் கையைப் பிடித்துக்கொண்டே நடந்து பழகும் கட்டம் என்றார். எனக்கும் அது சரியாகவே படுகிறது. ஆனால் ஆய்வேட்டில் அந்தக் கட்டத்தோடு நின்றுவிட முடியாது.

நான் செய்வது: இரண்டு முறை படிப்பேன், புத்தகத்தை மூடிவிடுவேன், பக்கத்து அறை நண்பனிடம் சொல்வதுபோல் எழுதுவேன். மேலே உள்ள பத்தியை அப்படி எழுதினால்:

"குறுவையை எப்போது தொடங்குவது என்பது முன்பு காவிரியின் நீர்வரத்தைப் பொறுத்திருந்தது. 1934க்குப் பிறகு மேட்டூரின் மதகு திறப்பதைப் பொறுத்ததாகிவிட்டது. அந்த நாளுக்கு உழவர்களிடையே ஒரு திருநாளின் மதிப்பு வந்தது என்கிறார் நூலாசிரியர் (ப. 45)."

இதில் ஒன்றைக் கவனியுங்கள். முதலில் "அந்த முடிவு அரசின் கைக்குப் போய்விட்டது" என்றுதான் எழுதினேன். பிறகு மூலத்தைத் திறந்து பார்த்தால் அவர் அரசைப் பற்றி வாயே திறக்கவில்லை. அது என் கருத்து. அவர் தலையில் கட்டக் கூடாது என்று அடித்துவிட்டேன். சொந்த நடையில் எழுதும்போது சொற்கள் ஒத்துப்போவதைவிட இந்த ஆபத்துதான் பெரிது, இதை எந்த மென்பொருளும் காட்டாது. எழுதி முடித்ததும் மூலத்தை மறுபடி திறந்து ஒப்பிடச் சொல்வது இதற்காகத்தான்.

சுருக்கம் எளிது. அந்த இயல் முழுவதிலும் உங்களுக்கு வேண்டியது ஒரே செய்தி என்றால், "மேட்டூர் அணை குறுவையின் காலத்தையே மாற்றியமைத்தது" என்று ஒரு வரி எழுதி, நூலையும் பக்கங்களையும் குறித்துவிட்டுப் போய்விடலாம்.

மேற்கோள்? அந்தப் பத்தியில் அப்படியே எடுக்கத் தகுந்தது 'இன்னொரு பொங்கல்' என்ற இரண்டு சொல்தான். அது அவருடைய சொல்லாட்சி, மாற்றினால் செத்துவிடும். மற்றவை தகவல், அதற்கு மேற்கோள் குறி வீண். நீங்கள் மறுக்கப்போகும் கருத்தையும், ஒரு சொல்லின் பொருள் பற்றியே விவாதிக்கும் இடத்தையும் அப்படியே தர வேண்டும். தமிழ்த்துறை ஆய்வேடுகளில் நேர்மாறாக நடக்கிறது. ஆறு வரிச் செய்யுள், கீழே "என்ற அடிகள் வழி அறியமுடிகிறது", அடுத்த செய்யுள், "ஈண்டு நோக்கத்தக்கது". என்ன அறிந்தோம், எதை நோக்கினோம் என்று கடைசிவரை சொல்லவே மாட்டார்கள். செய்யுளைத் தந்தால் அதற்குக் கீழே குறைந்தது அதே அளவுக்காவது நீங்கள் பேச வேண்டும்.

பள்ளியில் பதவுரை, பொழிப்புரை, கருத்துரை எழுதினோமே, அதே வேலைதான் இது. கூடுதலாக, யார் சொன்னது என்ற குறிப்பு வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் என்ன பாடு என்பதற்கு உ.வே.சா.வைக் கேட்க வேண்டும். சீவக சிந்தாமணி உரையில் பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர் வேறு நூல்களின் வரிகளை எடுத்துக்காட்டிவிட்டு 'என்றார் பிறரும்' என்று போய்விடுவார். எந்தப் பிறர்? 1887இல் சிந்தாமணியை அச்சில் கொண்டுவருவதற்கு முன் அந்தப் பிறரைத் தேடி ஏடு ஏடாகப் புரட்டினார் ஐயர். பல வரிகள் பத்துப்பாட்டிலும் எட்டுத்தொகையிலும் கிடைத்தன. நமக்கு லாபம்தான். ஆனால் உங்கள் தேர்வாளருக்கு அவ்வளவு பொறுமை இருக்காது. இன்னொன்று, முழுதாகக் கிடைக்காமல் போன பழைய நூலான தகடூர் யாத்திரையின் பாடல்கள் பழைய உரைகளும் தொகை நூலும் எடுத்துவைத்ததால்தான் கொஞ்சமாவது பிழைத்திருக்கின்றன. மேற்கோளை எழுத்துப் பிசகாமல் தரச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

ஆங்கில நூலைப் படித்துத் தமிழில் எழுதினால் மென்பொருள் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. அதனால் அது உங்கள் கருத்து ஆகிவிடாது. அடிக்குறிப்பு அவசியம். வாக்கியத்துக்கு வாக்கியம் பெயர்த்திருந்தால் மேற்கோள் குறி போட்டு, 'மொழிபெயர்ப்பு ஆய்வாளருடையது' என்று சேருங்கள். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்தால் சதவீதம் குறையும் என்று விடுதிகளில் ஒரு வைத்தியம் சொல்வார்கள். மென்பொருளுக்கு அது ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிவதால் குறைகிறது, அவ்வளவுதான். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இனி உங்கள் 34. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால், குறித்த காலத்துக்குள், அதிகபட்சம் 6 மாதத்தில், திருத்திச் சமர்ப்பிக்கச் சொல்வார்கள். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். உரிய குறிப்போடு தந்த மேற்கோள்கள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முகவுரை, நன்றியுரை ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. பொதுவாக எல்லோரும் அறிந்தவை, தற்செயலாக ஒத்துப்போகும் தொடர்கள் என்றால் தொடர்ச்சியாக 14 சொல் வரை விலக்கு உண்டு. (வேற்றுமையும் வினையும் ஒட்டி ஒரே சொல்லாக நிற்கும் தமிழில் 14 சொல் என்பது தாராளம்தான்.)

ஆகவே எழுதுவதை விட்டுவிட்டு முதலில் அறிக்கையைத் திறந்து, துணைநூற்பட்டியலும் செய்யுள்களும் சேர்ந்து எண்ணப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இலக்கிய ஆய்வேடு என்றால் பாதி அங்கேயே குறையலாம். மீதியில் மேற்கோள் குறி விட்டுப்போன இடங்களுக்குக் குறி போடுங்கள். ஒட்டுப்போட்ட பத்திகள் மிஞ்சும். அவற்றைத் திருத்த முயலாமல் அழித்துவிட்டு, புத்தகத்தை மூடிவைத்துப் புதிதாக எழுதுங்கள். நேரில் பார்க்காத நூலை இன்னொருவர் வழியாக எடுத்திருந்தால், அந்த இன்னொருவர் பெயரையும் போடுங்கள். அடுத்த இயலுக்குக் குறிப்பெடுக்கும்போது பிறர் வாக்கியத்துக்கு ஒரு மை, உங்கள் வாக்கியத்துக்கு வேறு மை. நான் பச்சையும் நீலமும் வைத்திருக்கிறேன்.

அப்புறம், மேலே உள்ள மேட்டூர்ப் பத்தியை யாரும் ஆய்வேட்டில் தூக்கி வைத்துவிடாதீர்கள். 45ஆம் பக்கம் என்று ஒன்று கிடையாது.