பிளாக் வருமானம் ஒரு மாதம் கொட்டுகிறது, மறுமாதம் காய்கிறது: மாத முதலீடு சாத்தியமா?

கேள்வி: பகலில் வேலைக்குப் போகிறேன். மூன்று வருடமாக சைக்கிள் பராமரிப்பு பற்றி ஒரு பிளாக் எழுதுகிறேன். விளம்பரத்திலும் எப்போதாவது கிடைக்கும் ஸ்பான்சர் பதிவிலும் பணம் வருகிறது. ஆனால் ஒரு மாதம் நிறைய வரும், அடுத்த மாதம் ஒன்றுமே இருக்காது. அந்தப் பணத்தை மாதாமாதம் முதலீடு செய்யலாம் என்று இரண்டு முறை ஆரம்பித்தேன், இரண்டு முறையும் பாதியில் நின்றுவிட்டது. ஒரு தடவை சந்தை இறங்கியிருந்த நேரத்தில் அவசரத்துக்கு விற்று நஷ்டப்பட்டேன். எழுத்தும் அப்படித்தான். ஒரே வாரத்தில் நாலு பதிவு போடுவேன், அப்புறம் இரண்டு மாதம் சத்தமே இருக்காது. கிரெடிட் கார்டில் கொஞ்சம் பாக்கியும் ஓடுகிறது. எழுத்தை எப்படி ஒழுங்குக்குக் கொண்டுவருவது? மாத முதலீட்டை மறுபடி எப்போது தொடங்கலாம்?

பதில்: உங்கள் கடிதத்தில் பணத்தைப் பற்றி எழுதியதையும் எழுத்தைப் பற்றி எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். இரண்டிலும் இருப்பது ஒரே கோளாறு. பணம் வந்த மாதம் முதலீடு செய்கிறீர்கள், வராத மாதம் நிறுத்துகிறீர்கள். எழுத்து ஊறிய வாரம் அத்தனையையும் வெளியிடுகிறீர்கள், ஊறாத வாரம் வெளியிட ஒன்றும் இல்லை. மழைத் தண்ணீரை நேராக வயலில் விடுவது போலத்தான் இது. நடுவில் ஒரு ஏரி வேண்டும், அதற்கு ஒரு மதகு வேண்டும். மழை எப்போது பெய்யும் என்பது உங்கள் கையில் இல்லை. மதகை எவ்வளவு திறப்பது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

முதலில் பணத்தை எடுத்துக்கொள்வோம். பிளாக் வருமானத்துக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரப் பணம், ஸ்பான்சர் பணம் எல்லாம் அதில் மட்டும் வந்து விழட்டும். அந்தக் கணக்குக்கு கார்டு வேண்டாம், போனில் பணம் செலுத்தும் செயலிகளோடும் அதை இணைக்க வேண்டாம். மாதத்தில் ஒரு குறிப்பிட்ட தேதியில், ஒரு குறிப்பிட்ட தொகை மட்டும் அதிலிருந்து முதலீட்டுக்காக வெளியே போக வேண்டும். அதைச் சம்பளம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சம்பளம் எவ்வளவு? இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். எந்த நாட்டுப் பணமானாலும் கணக்கு ஒன்றுதான் என்பதால் வெறும் எண்களாகவே போடுகிறேன். கடந்த 12 மாதத்தில் ஒருவருக்கு இப்படி வந்திருக்கிறது என்று வையுங்கள்: 40, 5, 0, 12, 60, 8, 10, 0, 25, 15, 5, 30. மொத்தம் 210. இதில் வரிக்கு ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கினால் (உங்கள் வரி விகிதத்தைப் பார்த்து இதை மாற்றிக்கொள்ளுங்கள்) மீதி 168. பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 14. சரி, சம்பளம் 14 என்று வைத்துவிடலாமே என்றுதான் தோன்றும். வைத்துப் பாருங்கள். முதல் மாதம் வரி போக 32 வருகிறது, 14 எடுக்கிறீர்கள், 18 நிற்கிறது. இரண்டாம் மாதம் 4 வருகிறது, 14 போகிறது, கையில் 8. மூன்றாம் மாதம் வரவே இல்லை, 14-க்கு 6 குறைகிறது. மூன்றே மாதத்தில் திட்டம் நின்றுவிட்டது. நீங்கள் இரண்டு முறை நிறுத்தியதும் கிட்டத்தட்ட இப்படித்தான் நடந்திருக்கும்.

இப்போது சம்பளத்தை 10 ஆக்குங்கள். மாதக் கடைசி இருப்பு வரிசையாக 22, 16, 6, 5.6 என்று இறங்கும், ஐந்தாம் மாதப் பெரிய வரவில் 43.6-க்கு ஏறும். அதற்குப் பிறகு 28-க்குக் கீழே போவதே இல்லை. வருடக் கடைசியில் 48 மிச்சம். வருமானம் அதேதான், மதகுதான் கொஞ்சம் குறைவாகத் திறந்திருக்கிறது. சராசரியில் ஏறக்குறைய 70 சதவீதம் என்பது ஆரம்பத்துக்கு நல்ல அளவு.

ஆனால் ஒன்று. இந்த உதாரணத்தில் முதல் மாதமே 40 வந்தது. உங்களுக்கு வறண்ட மாதங்கள் முதலில் வந்தால் 10 எடுத்தாலும் கணக்கு காலியாகிவிடும். அதனால் மூன்று மாதச் சம்பளம், அதாவது 30, சேரும் வரை மதகைத் திறக்கவே வேண்டாம். ஆறு மாதச் சம்பளத்துக்கு மேல் சேர்ந்தால் அந்த உபரியை மொத்தமாக முதலீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். இன்னொரு விஷயம்: விளம்பரக் கட்டணம் வருடத்தின் கடைசி மூன்று மாதங்களில் ஏறி, ஜனவரியில் பொதுவாகச் சரியும். நிறுவனங்கள் தங்கள் ஆண்டு விளம்பரப் பட்ஜெட்டைச் செலவழிக்கும் விதம் அப்படி. டிசம்பர் வருமானத்தைப் பார்த்துச் சம்பளத்தை உயர்த்திவிடாதீர்கள். நான் அப்படி ஒருமுறை உயர்த்தி, மார்ச் மாதத்தில் திரும்பக் குறைக்க வேண்டியிருந்தது. குறைக்கும்போது படும் சங்கடம், உயர்த்தும்போது வந்த சந்தோஷத்தை விடப் பெரிது.

அடுத்தது கிரெடிட் கார்டு. இதில் நான் வளைந்து கொடுக்கப் போவதில்லை. அந்தப் பாக்கி இருக்கும் வரை முதலீடு வேண்டாம். கார்டு வட்டி வருடத்துக்கு 20 சதவீதத்தைத் தாண்டுவது பல நாடுகளில் சாதாரணம். 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் தொகை இரட்டிப்பாக எத்தனை வருடம் ஆகும் என்று தோராயமாகத் தெரியும். 24 சதவீத வட்டி என்றால் மூன்றே வருடத்தில் கடன் இரண்டு மடங்கு. அந்தப் பாக்கியை அடைப்பது, 24 சதவீத லாபம் நிச்சயமாகத் தரும் முதலீட்டுக்குச் சமம். அப்படி ஒரு முதலீட்டை உங்களுக்கு யாரும் விற்க முடியாது. விற்கிறேன் என்று வருபவரிடமிருந்து விலகி நில்லுங்கள். மதகைத் திறந்ததும் முதல் சம்பளங்கள் கார்டுக்கே போகட்டும். சொல்லப்போனால், பாக்கி பெரிதாக இருந்தால் மூன்று மாத இருப்புக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். வருவதில் வரிப் பணத்தைத் தனியே வைத்துவிட்டு மீதியைக் கார்டில் கட்டி முடியுங்கள்.

சந்தை இறங்கிய நேரத்தில் விற்றதைப் பற்றி வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் துணிச்சலில் குறை இருந்ததாக நான் நினைக்கவில்லை. பணம் தேவைப்பட்டது, வேறு பணம் இல்லை, விற்றீர்கள். 2007 அக்டோபர் உச்சத்திலிருந்து 2009 மார்ச் வரை அமெரிக்காவின் சுமார் 500 பெரிய நிறுவனப் பங்குகளின் விலைப்போக்கைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு பாதிக்கும் மேல் சரிந்தது. 50 சதவீதம் சரிந்த ஒன்று பழைய இடத்துக்கு வர 100 சதவீதம் ஏற வேண்டும். அந்தக் குறியீடு பழைய உச்சத்தைத் தாண்டியது 2013-ல். அதாவது ஐந்து வருடத்துக்கும் மேல் காத்திருக்க முடிந்தவர் தப்பினார். நடுவில் வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ பணம் எடுக்க வேண்டியிருந்தவர், எவ்வளவு உறுதியான மனசுக்காரராக இருந்தாலும் தப்பவில்லை. அதனால் அடுத்த ஐந்து வருடத்துக்குள் தேவைப்படும் என்று தெரிந்த பணம் எதையும் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோகாதீர்கள். உங்கள் வேலைச் சம்பளத்திலிருந்து சில மாத வீட்டுச் செலவுக்கான தொகை தனியாக நிற்கட்டும். பிளாக் கணக்கில் இருக்கும் இருப்பு அதற்கு மாற்று இல்லை.

எதில் போடுவது என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சுருக்கமாகச் சொல்கிறேன். பரந்த சந்தையைப் பின்பற்றும், கட்டணம் குறைந்த ஒரு இண்டெக்ஸ் ஃபண்ட் (சந்தையின் சராசரி வளர்ச்சியை அப்படியே பின்தொடரும் கூட்டு முதலீடு) போதும். 1976-ல் வேன்கார்ட் நிறுவனத்தில் ஜான் போகிள் சாதாரண முதலீட்டாளர்களுக்காக முதல் இண்டெக்ஸ் ஃபண்டைத் தொடங்கியபோது 15 கோடி டாலர் திரட்டத் திட்டமிட்டார். வந்தது 1.13 கோடிதான். சராசரிக்கு யார் ஆசைப்படுவார்கள் என்று கேலி செய்தார்கள். ஆனால் கட்டணம் என்ன செய்யும் என்பதை அவர் கணக்காகப் பார்த்திருந்தார். வருடத்துக்கு 7 சதவீதம் வளர்ந்தால் 100 என்பது 30 வருடத்தில் சுமார் 761 ஆகும். அதில் 1 சதவீதம் கட்டணமாகப் போய் 6 சதவீதம்தான் வளர்ந்தால் 574. ஒரு சதவீதம் என்று காதில் விழுவது, கடைசியில் ஏறக்குறைய கால்பங்கைத் தின்றுவிடுகிறது. ஃபண்டின் ஆவணத்தில் வருடாந்தர செலவு விகிதம் என்ற வரியைத் தேடிப் படித்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

இனி எழுத்து. இதற்கும் ஏரி ஒன்றுதான் வழி, அதில் தேங்குவது டிராஃப்ட்கள். நான்கு பதிவுகள் முழுதாக எழுதி, படம் சேர்த்து, தலைப்பு வைத்து, பட்டனை அழுத்துவது மட்டும் பாக்கி என்ற நிலையில் இருக்கும் வரை புதிதாக ஒன்றும் வெளியிடாதீர்கள். அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று தேதி குறித்து வெளியிடுங்கள். ஒரே வாரத்தில் நாலு பதிவு எழுதும் வேகம் வந்தால் தாராளமாக எழுதுங்கள். ஆனால் நாலும் இருப்புக்குப் போகட்டும். அந்த ஒரு வாரம் உங்களை இரண்டு மாதம் தாங்கும். இப்போது மௌனமாகக் கழியும் அதே இரண்டு மாதம்தான்.

வேலைக்குப் போகிறவருக்கு எழுத நேரம் எங்கே என்றால், அரை மணி நேரம் போதும். ஆனால் அது எப்போது, எங்கே என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். "தினமும் எழுதுவேன்" என்பதை விட "இரவு சாப்பிட்டுத் தட்டைக் கழுவியதும் அந்த மேஜையில் உட்காருவேன்" என்பது பல மடங்கு வலுவானது. செயலை ஒரு சூழ்நிலையோடு முடிச்சுப் போட்டு வைத்தவர்கள் அதிகமாகச் செய்து முடிப்பதைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார்.

உட்கார்ந்த பிறகு என்ன செய்வது? நான் செய்வதைச் சொல்கிறேன். அரை மணி முடியும்போது பத்தியை முடிக்காமல் எழுந்துவிடுவேன். எழுவதற்கு முன், அடுத்து வர வேண்டிய வரியை மட்டும் அடைப்புக்குறிக்குள் தட்டிவைப்பேன். உங்கள் விஷயத்தில் அது இப்படி இருக்கலாம்: "(அடுத்து: செயின் தேய்ந்ததை ஸ்கேல் வைத்து அளப்பது. 12 இன்ச்சில் 24 இணைப்பு சரியாக உட்கார வேண்டும். ரிவெட் (இணைப்பு ஆணி) 1/16 இன்ச் தள்ளிப்போனால் மாற்றும் நேரம்.)" மறுநாள் களைத்து வந்து உட்காரும்போது வெற்றுத் திரை இருக்காது, கையைப் பிடித்து இழுக்கும் ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரி எத்தனையோ இரவுகளில் என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

எழுதும் அரை மணியில் வாசகர் எண்ணிக்கையையும் விளம்பர வருமானத்தையும் பார்க்காதீர்கள். ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவினால் கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்பதை 2009-ல் சோஃபி லெராய் தன் ஆய்வில் காட்டினார். உங்களிடம் இருப்பதே அரை மணி. எண்ணிக்கையை வாரத்தில் ஒரு நாள் பார்த்தால் போதும். அப்படிப் பார்க்கும்போது ஒன்றை மட்டும் தேடுங்கள்: எந்தப் பழைய பதிவுகளுக்கு இன்னும் ஆள் வருகிறார்கள்? மூன்று வருடம் எழுதியிருக்கிறீர்கள், சில பதிவுகள் மட்டும் நிச்சயம் மற்றவற்றை விட உழைத்துக்கொண்டிருக்கும். அவற்றைத் திறந்து, பழையதாகிவிட்ட தகவலை மாற்றி, தெளிவில்லாத படத்தை எடுத்துவிட்டு நல்லதாகப் போடுங்கள். புதுப் பதிவு எழுத வராத இரவுகளுக்கு இது அருமையான வேலை.

ஒரு இரவு தவறினால் பதறாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை வைத்துச் செய்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் வித்தியாசம் மிகப் பெரிது, 18 நாளிலிருந்து 254 நாள் வரை. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை என்றும் கண்டார்கள். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று எங்கோ படித்துவிட்டு, 22-ம் நாள் வரவில்லையே என்று கைவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பதிவுகளின் நகலைப் பற்றி ஒரு வார்த்தை. எழுதியது அத்தனையும் ஒரே சேவையில் மட்டும் இருந்தால் அது உங்களுடையது இல்லை. ஜியோசிட்டீஸ் என்ற இலவச வலைத்தளச் சேவை 2009-ல் மூடப்பட்டபோது எத்தனையோ பேரின் பல வருட எழுத்து அதோடு போனது. சொந்த டொமைன் பெயர் வாங்கிக்கொள்ளுங்கள், மாதம் ஒருமுறை எல்லாப் பதிவுகளையும் தரவிறக்கி வேறிடத்தில் வையுங்கள். சம்பளத் தேதியையே இதற்கும் வைத்துக்கொண்டால் மறக்காது.

கடைசியாக, மாத முதலீட்டை எப்போது தொடங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். இந்த மாதம் வேண்டாம். கார்டு அறிக்கையில் பாக்கி பூஜ்யம் என்று வந்து, பிளாக் கணக்கில் வரிப் பணம் தவிர மூன்று மாதச் சம்பளம் நின்றதும், அடுத்த சம்பளத் தேதியில் தொடங்குங்கள். அந்தத் தேதி ஆறு மாதம் தள்ளியும் இருக்கலாம், ஒரு நல்ல ஸ்பான்சர் வந்தால் இரண்டு மாதத்திலும் வரலாம். அதுவரை அந்த நான்கு டிராஃப்ட்களை எழுதிக்கொண்டிருங்கள்.