குழந்தைக்குப் புற்றுநோய் வந்தபோது உங்கள் வீட்டில் சாமி நம்பிக்கை என்ன ஆனது?

அண்ணன் மகனுக்கு ரத்தப் புற்றுநோய், வீட்டுப் பெரியவர்கள் வேண்டுதல், தாயத்து, தீர்த்தம் என்று அலைகிறார்கள், தடுப்பதா விட்டுவிடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே வேண்டாம் என்பேன். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

2017 ஜூன். எங்கள் மகளுக்கு ஐந்தரை வயது. மூன்று வாரமாக விட்டு விட்டுக் காய்ச்சல். ராத்திரியானால் கால் வலிக்கிறது என்று அழுவாள். எங்கும் இடித்துக்கொள்ளாமலே முழங்காலுக்குக் கீழே நீலத் தடங்கள். ரத்தப் பரிசோதனை, அப்புறம் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை. ஏ.எல்.எல். என்றார்கள், ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் அதிகம், பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம், ஆனால் இரண்டரை வருடம் ஆகும் என்றார் டாக்டர்.

எங்கள் வீடு திருவான்மியூரில். மருந்தீஸ்வரர் கோயில் நடக்கிற தூரம். அகத்தியருக்கு மூலிகைகளின் குணத்தைச் சொல்லிக்கொடுத்தவர் அங்கிருக்கும் சிவன் என்பது தலபுராணம். என் மாமியார், நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், தினமும் காலையில் அங்கே போய்வந்த பிறகுதான் காபி குடிப்பார். நோயின் பெயர் தெரிந்த அன்று மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து, பேத்தி பிழைத்தால் முடி இறக்குகிறோம் என்று திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கொண்டார். என் கணவர் அதே அன்று, "இத்தனை வருஷம் கும்பிட்டதுக்கு இதுவா?" என்று கேட்டார். அதன்பிறகு எந்தச் சன்னதிக்குள்ளும் அவர் போகவில்லை. நான் நடுவில். எனக்குக் கும்பிடவும் வரவில்லை, கோபப்படவும் வரவில்லை.

உறவினர் ஒருவர் வார்டுக்கே வந்து, பழப் பையைக் கையில் கொடுத்துவிட்டு, "எந்த ஜென்மத்துப் பாவமோ" என்றார். அன்று ராத்திரி முழுக்க நான் கணக்குப் பார்த்தேன். கர்ப்பமாக இருந்தபோது என்ன சாப்பிட்டேன், கிரகணத்தன்று வெளியே போனேனா, யார் மனதையாவது நோகடித்தேனா. மறுநாள் டாக்டரிடம் அழுதுகொண்டே கேட்டுவிட்டேன். "நீங்க செஞ்சதாலயும் இல்ல, செய்யாம விட்டதாலயும் இல்லம்மா. ஒரு செல் பிரியும்போது நடந்த பிழை" என்றார். அந்த ஆறுதலை அதுவரை எந்த அர்ச்சனையும் எனக்குத் தரவில்லை. நீங்கள் யாரையாவது தடுக்க வேண்டுமென்றால், பாவக் கணக்குப் பேச வருகிறவர்களை உங்கள் அண்ணி பக்கம் வராமல் தடுத்துவிடுங்கள்.

கீமோ தொடங்கியதும் வெள்ளையணுக்கள் இறங்கும். 'கவுண்ட் இறங்கிடுச்சு' என்பதுதான் வார்டில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. அந்த நாட்களில் கோயில் கூட்டம் கூடாது, பூ கூடாது, கொதிக்க வைக்காத எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. கணவருக்கு இது அம்மாவிடம் சண்டை போட நல்ல சாக்காகிவிட்டது. தீர்த்தச் சொம்பைப் பிடுங்கிக் கீழே கொட்டினார். டாக்டர் அப்படிச் செய்யவில்லை. அத்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து, வீட்டில் என்னென்ன செய்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். திருநீறு பொட்டலமாகத் தலையணைக்கு அடியில் இருக்கட்டும், கயிறு ஊசி போடும் கையில் வேண்டாம், தண்ணீர் எதுவானாலும் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும் என்றார். அன்றிலிருந்து அத்தை தீர்த்தத்தைச் சின்னப் பாத்திரத்தில் தளதளவென்று கொதிக்க விட்டு, ஆறவைத்து ஒரு ஸ்பூன் கொடுப்பார். தன்னையும் ஒருத்தர் மதித்துப் பேசினார் என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது.

புரட்டாசி வந்தது. அந்த மாதம் எங்கள் வீட்டில் முட்டை வாங்கக்கூட மாட்டோம். ஆனால் குழந்தைக்குப் புரதம் வேண்டும், நன்றாக வேகவைத்த முட்டை தினமும் கொடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். நான் எப்படிக் கேட்பது என்று தயங்கிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை, தளிகை போட்டு முடித்த கையோடு அத்தையே பக்கத்து அடுப்பில் முட்டையை வேகவைத்தார். "பெருமாள் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

இன்னொன்றும் நடந்தது. வாரம் ஒருமுறை நரம்பில் ஏற்றும் வின்கிரிஸ்டின் என்ற மருந்து நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது என்று நர்ஸ் பேச்சுவாக்கில் சொன்னார். எங்கள் மாடியில் நான்கு தொட்டி நிறைய அதுதான். தினமும் அத்தை சாமி படத்துக்கு வைக்கும் பூ. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். "என் கையால பறிச்ச பூவுலயே மருந்து இருந்திருக்கு பாரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மறுநாள் காலையில் அடுப்பில் அந்த இலைகள் போட்ட கஷாயம். நல்லவேளை, கொடுப்பதற்கு முன்னால் பார்த்துவிட்டேன். டாக்டர் பதறிப்போனார். ஒரு கிராம் வின்கிரிஸ்டினுக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும், குழந்தைக்கு ஒரு தடவை போடும் அளவு 2 மில்லிகிராமைத் தாண்டாது, அதற்கே மலச்சிக்கலும் தாடை வலியும் பாதம் துவள்வதும் வருகிறது, அந்த இலையில் விஷமான வேறு பொருட்களும் இருக்கின்றன என்று விளக்கினார். அத்தை கேட்டுக்கொண்டார். செடியைப் பிடுங்கவில்லை. பூவை மட்டும் எப்போதும்போல் படத்துக்கு வைத்தார்.

மார்கழியில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்குத் தெர்மாமீட்டர் 100.4 காட்டியது. கவுண்ட் குறைவாக இருக்கும்போது அந்த எண்ணைத் தொட்டால் நேரம் பார்க்காமல் ஓடி வர வேண்டும், ஆன்டிபயாட்டிக் உடனே ஏற வேண்டும். முன்பென்றால் அத்தை நெற்றியில் திருநீறு பூசி, விடியட்டும் என்றிருப்பார். அன்று அவர்தான் முதலில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

உங்கள் வீட்டிலும் வரப்போகிற ஒரு கட்டத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். முதல் மாத முடிவில் மஜ்ஜையைச் சோதித்துப் பார்த்து, கெட்ட செல்கள் 5 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டன, ரெமிஷன், அதாவது நோய் அடங்கியிருக்கிறது என்பார்கள். குழந்தை ஓடியாடும். அப்போது ஊரிலிருந்து, "வேண்டுதல் பலிச்சிடுச்சு, இனிமே எதுக்கு அந்த விஷ மருந்து" என்று போன் வரும். எங்களுக்கும் வந்தது, ஒரு வைத்தியரின் முகவரியோடு. எங்கள் பக்கத்துக் கட்டில் குழந்தையை அப்படித்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். பத்து மாதம் கழித்துத் திரும்பி வந்தார்கள். அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. மைக்ராஸ்கோப்புக்குத் தெரியாமல் செல்கள் ஒளிந்திருக்கும். மூளையைச் சுற்றியுள்ள நீருக்குள்ளும் இருக்கலாம் என்பதால்தான் முதுகுத் தண்டில் ஊசி போடுகிறார்கள். அதனால்தான் அத்தனை மாதம் தினமும் 6-எம்.பி. என்ற கீமோ மாத்திரை, வாரம் ஒரு நாள் மீத்தோட்ரெக்சேட் என்ற இன்னொரு கீமோ மருந்து. அந்தப் போனுக்கு அத்தைதான் பதில் சொன்னார். "சாமி பாதி வழி கூட்டிட்டு வந்துட்டு எறக்கி விட்டுட்டுப் போயிடுமா?" தினசரி காலண்டரில் ராகுகாலத்துக்குப் பக்கத்திலேயே மாத்திரை கொடுத்ததற்கு டிக் போட்டு வைத்தார். இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட விடவில்லை.

கணவர் நம்பியது வேறு. அந்த முதல் ஜூனில் பிளேட்லெட், ரத்தம் உறைய உதவும் அணுக்கள், அவசரமாகத் தேவைப்பட்டது. அதை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது, ஆள் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒரு பையன் ரம்ஜான் நோன்பு திறந்த கையோடு ராயப்பேட்டையிலிருந்து பைக்கில் வந்து, ஒன்றரை மணி நேரம் மெஷினில் படுத்திருந்தான். கணவருக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை, அவன் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். இன்றுவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் பிளேட்லெட் கொடுத்துவிட்டு வருகிறார். எனக்கு அது விரதம் மாதிரித்தான் தெரிகிறது.

அதனால் உங்கள் பெரியவர்களையும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். எதெல்லாம் செய்யலாம் என்று அவர்களே கேட்கட்டும். அடுத்த தேதிக்கு ஆஸ்பத்திரியில் நிற்க வைக்கிற எந்த வேண்டுதலும் இருக்கட்டும். தேதியைத் தள்ளிப்போடச் சொல்வது எதுவானாலும், யார் சொன்னாலும், வேண்டாம்.

2020 ஜனவரியில் சிகிச்சை முடிந்தது. அடுத்த மாதம் மஞ்சள் துணி முடிச்சோடு திருத்தணிக்குப் போனோம். மகளுக்கு முடி தோள் வரை வளர்ந்திருந்தது. படியேறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "மறுபடியும் மொட்டையாம்மா?" என்றாள். அத்தை திரும்பி, "உன் முடி எப்பவோ அவன்கிட்ட போய்ச் சேர்ந்துடுச்சுடா. இப்ப என்னோடது" என்றார். கணவர் எதுவும் பேசவில்லை. சன்னதிக்கும் வரவில்லை. ஆனால் அம்மாவுக்கு மொட்டைச் சீட்டு வாங்க வரிசையில் போய் நின்றவர் அவர்தான்.