கைக்குழந்தையின் கழுத்துச் சாய்வு: வாசகர் கேள்விகளும் மருத்துவப் பதில்களும்

கேள்வி: எங்கள் முதல் குழந்தைக்கு ஐந்து வாரம் ஆகிறது. வயிற்றில் தலை மேலும் பிட்டம் கீழுமாக இருந்ததால் அறுவை சிகிச்சை மூலம் பிறந்தவன். சில நாட்களாக அவன் தலை வலப்பக்கம் சாய்ந்தே இருக்கிறது. முகமோ எப்போதும் இடப்பக்கம் பார்க்கிறது. வலது கழுத்தில் கெட்டியான ஒரு கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது. புற்றுநோயாக இருக்குமோ என்று வீட்டில் அனைவரும் கலங்கிப்போயிருக்கிறோம். கட்டியை உடனே எடுத்துவிட வேண்டுமா?

பதில்: தலை ஒரு பக்கம் சாய்ந்து முகவாய் மறுபக்கம் திரும்பியிருப்பதும், சாய்ந்த பக்கத்திலேயே கட்டி இருப்பதும், பிறந்து சில வாரங்கள் கழித்தே அது கண்ணில் பட்டதும் சேர்ந்து பிறவித் தசைக் கழுத்துச் சாய்வையே சுட்டுகின்றன. காதுக்குப் பின்னாலுள்ள எலும்பிலிருந்து கழுத்தின் பக்கவாட்டில் சரிவாக இறங்கி, மார்பெலும்பிலும் காறை எலும்பிலும் முடியும் நீண்ட தசை ஒன்று இரு பக்கமும் இருக்கிறது. வலப்பக்கத் தசை குறுகிவிட்டால் தலை வலது தோளை நோக்கிச் சாயும், முகம் இடப்பக்கம் திரும்பும். கருப்பைக்குள் இடம் நெருக்கடியாக இருந்ததும், பிரசவத்தின்போது அத்தசைக்குள் ரத்த ஓட்டம் தடைப்பட்டதும் காரணங்களாகக் கருதப்படுகின்றன. தலைப்பிள்ளைகளிடமும் பிட்டம் கீழாக இருந்த குழந்தைகளிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. கருவுற்றிருந்தபோது தாய் செய்த எதுவும் இதற்குக் காரணமில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் இப்படிப்பட்ட கடிதங்களின் அடியில் பெரும்பாலும் அந்தக் குற்ற உணர்வுதான் இருக்கிறது.

அந்தக் கட்டி புற்றுநோய் அல்ல. தசை நார்களுக்கிடையே நார்த்திசு பெருகியதால் உண்டான வீக்கம் அது. வழக்கமாக இரண்டாம் வாரத்திற்கும் நான்காம் வாரத்திற்கும் இடையில் தென்படத் தொடங்கி, சிறிது காலம் வளர்ந்து, பிறகு மெல்லச் சுருங்கி, எட்டு மாதத்திற்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். ஊசி குத்தித் திசு எடுத்துப் பார்க்க வேண்டிய தேவை பொதுவாக எழுவதில்லை. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ஒன்றே கட்டி தசைக்குள் இருக்கிறதா என்பதைக் காட்டிவிடும். ஆனால் கட்டி மறைந்துவிட்டதாலேயே தசை நீண்டுவிட்டது என்று பொருளாகாது. கட்டி கரைந்த இடத்தில் தசை விறைத்த நாராக மாறி, குழந்தை வளர வளரத் தலையை இழுத்துப் பிடிப்பதும் உண்டு. 'கட்டி தானே கரைந்துவிடும், காத்திருங்கள்' என்ற ஆறுதலை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவதாக, குழந்தைநல மருத்துவரோ எலும்பு மருத்துவரோ குழந்தையை நேரில் பார்த்து, கழுத்தெலும்பில் பிறவிக் குறை இல்லை, காறை எலும்பு முறிந்திருக்கவில்லை, கண்ணிலும் நரம்பிலும் கோளாறு இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். அப்போதே இடுப்பு மூட்டுகளையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். கழுத்துச் சாய்வுள்ள குழந்தைகளிடம் இடுப்பு மூட்டு வளர்ச்சிக் குறைபாடு கூடுதலாகக் காணப்படுகிறது, பிட்டம் கீழாக இருந்த குழந்தைக்கு அந்த வாய்ப்பு இன்னும் அதிகம். இரண்டாவதாக, இந்த வாரமே குழந்தைகளுக்கான இயன்முறை மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) செல்லுங்கள். ஒரு மாத வயதுக்குள் சிகிச்சை தொடங்கிய குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்குச் சுமார் ஒன்றரை மாதத்தில் கழுத்தசைவு இயல்பாகிவிடுகிறது. அந்த வயதைத் தாண்டித் தொடங்கினால் ஆறு மாதம் வரையும், ஆறு மாத வயதுக்குப் பிறகு தொடங்கினால் ஒன்பது, பத்து மாதங்களும் அதற்கு மேலும்கூட ஆகலாம். உங்கள் மகனுக்கு இன்னும் நல்ல காலம் கையில் இருக்கிறது. அறுவை சிகிச்சையைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம்.

கேள்வி: இரண்டரை மாதமான என் மகளுக்கும் வலப்பக்கச் சாய்வுதான். கழுத்துத் தசையை நீட்டும் பயிற்சியை மருத்துவமனையில் ஒருமுறை செய்து காட்டினார்கள். வீட்டில் செய்தால் அழுகிறாள். கழுத்து ஒடிந்துவிடுமோ என்று கை நடுங்குகிறது. நாளுக்கு எத்தனை முறை, எவ்வளவு நேரம் செய்ய வேண்டும்?

பதில்: ஒருமுறை காட்டியதை வைத்துக்கொண்டு வீட்டில் தனியாகச் செய்யச் சொன்னால் யாருக்கும் கை நடுங்கத்தான் செய்யும். அடுத்த முறை செல்லும்போது நீங்கள் செய்ய, அவர் உங்கள் கைமேல் கை வைத்துத் திருத்தும்படி கேளுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை.

பயிற்சிகள் அடிப்படையில் இரண்டே. குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, முகவாய் வலது தோளை நோக்கி வரும்படி முகத்தை மெதுவாகத் திருப்புவது ஒன்று. வலது தோள் மேலெழாதபடி ஒரு கையால் லேசாகப் பிடித்துக்கொண்டு, இடது காது இடது தோளை நெருங்கும்படி தலையைச் சாய்ப்பது மற்றொன்று. இரண்டிலும் தசை இழுபட்டு நிற்கும் இடம் கைக்குத் தெரியும். அங்கே பத்து முதல் முப்பது விநாடி வரை நிறுத்திப் பிடித்து, பிறகு மெல்ல விட வேண்டும். வேகமாகத் திருப்புவதும், நெட்டி முறிப்பதும், கட்டியை அழுத்தித் தேய்ப்பதும் கூடவே கூடாது. எத்தனை முறை என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான எண் கிடையாது. அணையாடை மாற்றும் ஒவ்வொரு தடவையும் சில முறை என்று பழக்கிக்கொண்டால், நாள் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தசை நீண்டுகொண்டே வரும். ஒரே மூச்சில் அரை மணி நேரம் போராடுவதைவிட இது எவ்வளவோ மேல். பயிற்சி வலிக்கக் கூடாது. குழந்தை விறைத்து எதிர்த்தாலோ, மூச்சு மாறினாலோ, முகத்தின் நிறம் மாறினாலோ அக்கணமே கையை எடுத்துவிடுங்கள். பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் இருக்கும் வேளையில் தொடங்கவே வேண்டாம்.

ஆனால் இந்தப் பயிற்சிகள் மட்டுமே சிகிச்சை என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்க இயன்முறை மருத்துவச் சங்கத்தின் குழந்தைகள் பிரிவு 2013இல் வெளியிட்டு, 2018இலும் 2024இலும் புதுப்பித்த வழிகாட்டி, தசையை நீட்டுவதோடு, குழந்தை தானாகவே கழுத்தையும் உடலையும் அசைப்பது, இரு பக்கமும் சமமாக இயங்கப் பழகுவது, சூழலை மாற்றியமைப்பது, பெற்றோருக்குக் கற்பிப்பது ஆகியவற்றையும் முதன்மைச் சிகிச்சையாகவே வைத்திருக்கிறது. என் அனுபவமும் அதையே சொல்கிறது. பயிற்சி நேரம் போக மீதியுள்ள பொழுதெல்லாம் குழந்தை இடப்பக்கமே பார்த்துக்கொண்டு கிடந்தால், நீங்கள் நீட்டிய தசை மறுபடியும் சுருங்கிவிடும். ஆகவே வெளிச்சமும் ஆள்நடமாட்டமும் உங்கள் குரலும் அவளுடைய வலப்பக்கத்திலிருந்து வரும்படி படுக்கையைத் திருப்பிப் போடுங்கள். பாலூட்டும்போது அவள் வலப்பக்கம் திரும்பி வாய் வைக்கும்படி பிடியுங்கள். கிலுகிலுப்பையை வலப்பக்கம் ஆட்டுங்கள். தூக்கிக்கொள்ளும்போது அவளை வலப்பக்கம் கீழாக ஒருக்களித்துச் சாய்த்து, அவளுடைய வலது காதுக்கும் தோளுக்கும் இடையில் உங்கள் முன்கை வரும்படி தாங்கினால், நடந்துகொண்டிருக்கும்போதே தசை நீளும். இந்த ஒரு பிடியை நான் பார்க்கும் ஒவ்வொரு தந்தைக்கும் பாட்டிக்கும் கற்றுக்கொடுக்கிறேன், ஏனென்றால் குழந்தை இதில் அழுவதில்லை.

விழித்திருக்கும்போது, உங்கள் கண்பார்வையில், பலமுறை குப்புறப் படுக்க வைக்க வேண்டும். தொடக்கத்தில் ஓரிரு நிமிடம் போதும்; தரையில் விரும்பாவிட்டால் உங்கள் மார்பின் மீது வைத்துக்கொள்ளலாம். தலையைத் தூக்கிப் பார்க்கும் முயற்சியே இரு பக்கத் தசைகளையும் வலுவாக்கும். மூன்று, நான்கு மாதமாகித் தலை நின்ற பிறகு, அவளை நிமிர்த்திப் பிடித்து உடலை வலப்பக்கம் சரித்தால், அவள் தலையை இடப்பக்கம் நிமிர்த்தி நேராக்கப் பார்ப்பாள். அதனால் தளர்ந்து கிடக்கும் இடப்பக்கத் தசை வலுப்பெறும். நீட்டிய பக்கம் மட்டும் சரியாகி, எதிர்ப்பக்கம் வலுவில்லாமல் போனால் சாய்வு மிச்சமிருக்கும் என்பதால் இதை விட்டுவிட வேண்டாம்.

கேள்வி: நான்கு மாதக் குழந்தைக்குக் கழுத்துச் சாய்வோடு பின்னந்தலையும் ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது. நடுவில் குழியுள்ள தலையணை வாங்கலாமா? தலைக்கவசம் அணிவிக்க வேண்டும் என்று ஒருவர் சொல்கிறாரே?

பதில்: தலையணை வேண்டாம். தூங்கும் குழந்தையின் அருகில் தலையணையோ, சுருட்டிய துணியோ, மென்மையான எந்தப் பொருளோ இருப்பது மூச்சுத் திணறலுக்கு இடமளிக்கும். தலை தட்டையாகிறதே என்று குப்புறப் படுக்க வைத்துத் தூங்கவிடுவதும் கூடாது. 1990களில் குழந்தைகளை மல்லாக்கவே தூங்க வைக்கும்படி பரப்புரை தொடங்கிய பிறகு, தூக்கத்தில் நேரும் திடீர் மரணங்கள் பெருமளவு குறைந்தன. மல்லாக்கத் தூங்கட்டும், விழித்திருக்கும்போது குப்புற விளையாடட்டும்.

வலப்பக்கச் சாய்வுள்ள குழந்தை இடப்பக்கமே முகம் திருப்பிப் படுப்பதால் இடது பின்னந்தலை தட்டையாகிறது. தட்டையான பக்கம் படுக்கையில் பொருந்திக்கொள்வதால் தலை மறுபடியும் அங்கேயே உருள்கிறது. கழுத்து தாராளமாகத் திரும்பத் தொடங்கினால் இந்தச் சுழற்சி உடையும், பல குழந்தைகளுக்குத் தலை வடிவமும் கணிசமாகத் தேறிவிடும். தட்டையாதல் கடுமையாக இருந்து, நிலையை மாற்றிப் பார்த்தும் முன்னேற்றமில்லாதபோதுதான் தலைக்கவசத்தைப் பற்றிப் பேச வேண்டும். அதை நாளில் சுமார் 23 மணி நேரம் அணிய வேண்டியிருக்கும். தலை வேகமாக வளரும் முதல் ஆண்டில்தான் அதற்குப் பலன் உண்டு. கவசம் கழுத்துத் தசையை நீட்டாது என்பதால், அதை அணிந்தாலும் பயிற்சி தொடர்ந்தாக வேண்டும்.

கேள்வி: ஏழு மாதக் குழந்தைக்கு மூன்று வாரமாகப் பயிற்சி கொடுத்தும் மாற்றம் தெரியவில்லை. அறுவை சிகிச்சை தவிர வேறு வழியில்லையா?

பதில்: ஏழாம் மாதத்தில் தொடங்கியவருக்கு மூன்று வாரம் மிகக் குறைந்த காலம். முன்னேற்றத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் கழுத்து இரு பக்கமும் எத்தனை பாகை (டிகிரி) திரும்புகிறது, எத்தனை பாகை சாய்கிறது என்று அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டில் மாதம் ஒருமுறை ஒரே கோணத்தில் படம் எடுத்து வைப்பதும் உதவும்.

ஹாங்காங்கில் 821 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2001இல் வெளியான ஆய்வு, கையால் நீட்டும் பயிற்சியாலேயே மிகப் பெரும்பாலோர் நலமடைந்ததைக் காட்டியது. குறைந்தது ஆறு மாதம் முறையாகப் பயிற்சி அளித்த பிறகும் கழுத்துத் திரும்புவதிலோ சாய்வதிலோ 15 பாகைக்கு மேல் குறை நீடித்தாலோ, இறுகிய நாரோ கட்டியோ எஞ்சியிருந்தாலோ அறுவை சிகிச்சையைக் கருதலாம் என்பது அதன் முடிவு. தொடக்கத்திலேயே கட்டி இருந்தவர்களுக்கும், கழுத்து மிகக் குறைவாகத் திரும்பியவர்களுக்கும், தாமதமாக வந்தவர்களுக்குமே அத்தேவை அதிகம் ஏற்பட்டது. இடையில் உதவும் துணை முறைகளும் உண்டு: தலை சாயும்போது உணர்த்தும் மென்மையான கழுத்துப்பட்டை, தோலில் ஒட்டும் நாடா போன்றவை. தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசியையும் சில மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். இவற்றுள் எதுவும் பயிற்சிக்கு மாற்றாகாது.

ஒரு வயதுக்கு மேல் தசையின் இறுக்கம் அப்படியே நின்றால் அறுவை சிகிச்சைக்கு அஞ்சித் தள்ளிப்போட வேண்டாம். தாமதித்தால் முகத்தின் இரு பாதிகளும் சமமின்றி வளரும். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் மாதக்கணக்கில் பயிற்சி தேவைப்படும். பயிற்சியாலேயே குணமாகிவிட்டால், நடக்கத் தொடங்கும் வயதில் ஒருமுறை மீண்டும் காட்டிவிடுங்கள். காய்ச்சலிலோ களைப்பிலோ சாய்வு ஓரிரு நாள் தலைகாட்டி மறைவது இயல்புதான்.

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது. பிறந்தது முதல் நன்றாக இருந்தவன், பத்து நாளாகத் தலையைச் சாய்த்தே வைத்திருக்கிறான். இந்தப் பயிற்சிகளை நானே தொடங்கலாமா?

பதில்: தொடங்கவே கூடாது. இதுவரை சொன்னவை அனைத்தும் பிறவியிலேயே தசை குறுகிய குழந்தைகளுக்கு மட்டுமே பொருந்தும். நன்றாக இருந்த பிள்ளைக்குத் திடீரென வரும் சாய்வுக்கு வேறு காரணங்கள் இருக்கும். தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து கழுத்தின் மேற்பகுதி எலும்புகள் இடம் பிறழ்ந்திருக்கலாம். அந்நிலையில் கழுத்தைத் திருப்புவது ஆபத்து. கண்ணை இயக்கும் தசையின் பலவீனத்தால் இரட்டைப் பார்வையைத் தவிர்க்கக் குழந்தை தலையைச் சாய்க்கலாம். அரிதாக மூளையின் பின்பகுதியில் வளரும் கட்டியும் இப்படித் தொடங்கும். இன்றே குழந்தைநல மருத்துவரிடம் அழைத்துச் சென்று, கண் மருத்துவரின் பரிசோதனையும் தேவையா என்று கேளுங்கள். காய்ச்சல், கழுத்து வலி, வாந்தி, காலையில் தலைவலி, நடையில் தள்ளாட்டம், கண் மாறுகண்ணாதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.