கேட்டதும் சொன்னதும்

கே: வீட்டு வேலையில் முக்கால்வாசி தான்தான் செய்வதாக மனைவி சொல்கிறாள். நானும் அதையேதான் சொல்கிறேன். பொய் சொல்வது யார்?

ப: யாருமில்லை. கூட்டினால் நூற்றைம்பது சதவீதம் வருகிறது, அவ்வளவுதான். 1979இல் ராஸ், சிக்கோலி என்ற உளவியலாளர்கள் தம்பதிகளிடம் தனித்தனியே இதைக் கேட்டார்கள். பெரும்பாலான வேலைகளில் இருவர் சொன்ன பங்கும் சேர்ந்து நூறைத் தாண்டியது. வேடிக்கை என்னவென்றால், சண்டைக்குக் காரணமாவது போன்ற கெட்ட காரியங்களிலும் இதே கதைதான். ஆக, வெறும் தற்பெருமை என்று தள்ளிவிட முடியாது. நாம் செய்தது நினைவில் நிற்கிறது. மற்றவர் செய்ததில் பாதி நம் கண்ணிலேயே படுவதில்லை.

ஒரு வாரம் ஆளுக்கொரு தாளில் எழுதிப் பாருங்கள். வேலையை உடைத்து எழுத வேண்டும். 'துணி துவைத்தது' என்று ஒரே வரி போட்டால், மிஷின் பொத்தானை அமுக்கியவருக்கே முழுப் பெயரும் போய்விடும். அழுக்குத் துணி பொறுக்குவது, சட்டைப் பையைத் துழாவுவது, காயப்போடுவது, மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பது, எடுப்பது, மடிப்பது, அவரவர் அலமாரியில் அடுக்குவது என்று மிஷினை விட்டுவிட்டாலே ஏழு வேலை. சோப்புத்தூள் தீரப்போகிறது என்று ஞாபகம் வைத்திருப்பது எட்டாவது. எல்லோரும் எழுத மறப்பது இதைத்தான். வாரம் முடியும்வரை ஒருவர் தாளை மற்றவர் எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் போட்டிக்காகவே வீடு பளபளக்கும், கணக்கு கெட்டுவிடும்.

கே: ஒலிப்பதிவில் என் குரல் ஏன் இவ்வளவு மட்டமாக இருக்கிறது?

ப: பேசும்போது உங்கள் குரல் காற்று வழியாக மட்டுமில்லை, மண்டையோட்டு எலும்பு வழியாகவும் உள்காதுக்குப் போகிறது. எலும்பு தாழ்ந்த ஒலிகளை நன்றாகக் கடத்துவதால் உங்களுக்கு மட்டும் கொஞ்சம் கம்பீரம் கூடிக் கேட்கிறது. பதிவில் அந்தப் போனஸ் கிடையாது. மற்றவர்கள் இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பது கிட்டத்தட்ட அந்தக் குரலைத்தான்.

கே: நான் நிற்கும் வரிசை மட்டும் ஏன் நகர்வதில்லை?

ப: மூன்று வரிசை இருந்தால் உங்களுடையது முந்த வாய்ப்பு மூன்றில் ஒன்று. அது முந்துகிற நாளில் யார் கவனிக்கிறார்கள்?

கே: "அஞ்சு நிமிஷத்துல வந்துடுவேன்" என்பவர்கள் எல்லாம் பொய்யர்களா?

ப: பாவம், அவர்களும் நம்பித்தான் சொல்கிறார்கள். 1994இல் வெளியான ஓர் ஆய்வில் மாணவர்களிடம் 'ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள்?' என்று கேட்டார்கள். சராசரியாகச் சொன்னது 34 நாள், ஆனது 55. மனம் பயணத்தை மட்டும் கணக்குப் பண்ணுகிறது. சாவி தேடுவதும், பூட்டிய கதவை மறுபடி இழுத்துப் பார்ப்பதும், வண்டி நிறுத்த இடம் தேடுவதும் கணக்கில் வருவதில்லை. ஆகவே 'எப்போது வருவாய்?' என்று கேட்காதீர்கள். 'போன தடவை எவ்வளவு நேரமாச்சு?' என்று கேளுங்கள். கொஞ்சம் முறைப்பார்கள், ஆனால் நேரம் சரியாக இருக்கும்.

கே: எதிரே வருபவர் பாசமாகப் பேசுகிறார், பெயர்தான் ஞாபகம் வரவில்லை. தப்பிப்பது எப்படி?

ப: முதல் அரை நிமிடத்துக்குள் கேட்டுவிடுங்கள், அதுவரை அது வெறும் மறதி. குடும்ப நலமெல்லாம் விசாரித்த பிறகு கேட்டால் மானம் போகும். 'நம்பர் போட்டுத் தாங்களேன்' என்று போனை நீட்டும் தந்திரத்தில் ஓர் ஆபத்து உண்டு: அவர் நம்பரை நீங்கள் ஏற்கெனவே 'கடன் கேட்பார், எடுக்காதே' என்று பதிந்து வைத்திருக்கலாம்.