பதினொரு வருட வேலையும் ஆறு மெஷினும்

அன்புள்ள அண்ணா,

என் ஊர் பேரணாம்பட்டு பக்கம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினொரு வருடமாக அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறேன். பேசிக், டி.ஏ. சேர்ந்து 13,000 ரூபாய். என் சித்தப்பா மகன் பேரணாம்பட்டில் ஒரு ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறான், கம்பெனி தரும் தோலைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் இடம். வெளிநாடு போகப்போவதால் ஆறு மெஷினையும் 1,80,000 ரூபாய்க்கு என்னையே எடுத்துக்கொள்ளச் சொல்கிறான். ஆறு ஆட்கள் இருக்கிறார்கள், ஆளுக்கு நாள் கூலி 500. வாடகை, கரண்ட், நூல், சொல்யூஷன் (ஒட்டும் பசை) எல்லாம் நாளுக்கு 500 ஆகும். வேலை தரும் கம்பெனி ஜோடிக்கு 55 ரூபாய் தருகிறது, நாளுக்கு 80 ஜோடி போகும் என்கிறான். 'கம்பெனி பஸ் வாசலுக்கு வருது, மாசம் பொறந்தா சம்பளம், இதை விட்டுட்டு எங்கே போறே' என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கும் ராத்திரி தூக்கம் வருவதில்லை. ஆடி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் தைரியம் எப்படி வரவழைத்துக்கொள்வது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு பயம் ஒன்றோடொன்று முடிச்சு விழுந்து கிடக்கிறது. 'என்னால் முடியுமா' என்பது ஒன்று. 'சம்பளம் நின்றுபோனால்' என்பது இன்னொன்று. பதினொரு வருடம் அப்பர் தைத்தவருக்கு முதல் பயம் தேவையில்லை. மடிப்பு எங்கே தடித்துப்போகும், எந்த வளைவில் தையல் விடும் என்று உங்கள் விரலுக்கே தெரியும். இரண்டாவது பயம் நியாயமானது. அதை யாரும் ஆறுதல் சொல்லிப் போக்க முடியாது, கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

நீங்கள் எழுதிய எண்களையே வைத்துக்கொள்வோம். கூலி 3,000, மற்ற செலவு 500, ஆக நாளுக்கு 3,500. இதை 55-ஆல் வகுத்தால் 64 ஜோடி. அதுவரை தைப்பது முழுவதும் செலவுக்கே போகும். மாதம் 26 வேலை நாள் என்று வைத்தால், இப்போது வாங்கும் 13,000 உங்கள் கைக்கு வரத் தினம் இன்னும் 500 வேண்டும், அதாவது 73 ஜோடி. தம்பி சொல்லும் 80 ஜோடி போனால் நாளுக்கு 900, 26 நாளில் 23,400. நல்ல வருமானம்தான். ஆனால் 64-க்கும் 80-க்கும் நடுவில் இருப்பது வெறும் 16 ஜோடி.

அந்தப் பதினாறு ஜோடியைத் தீர்மானிப்பது லைனில் மெதுவாக நகரும் ஒரே ஒரு வேலை. எட்டு மணி நேரம் என்றாலும், பாபின் மாற்றுவது, ஊசி உடைவது, தண்ணீர் குடிப்பது எல்லாம் போக 420 நிமிடம்தான் தையலுக்குக் கிடைக்கும். அந்த ஒரு வேலைக்கு ஜோடிக்கு 5 நிமிடம் பிடித்தால் 84 ஜோடி, 6 நிமிடம் பிடித்தால் 70, 7 நிமிடம் பிடித்தால் 60. அந்த ஒரு மெஷினில் கூடும் இரண்டு நிமிடம் யூனிட்டையே நஷ்டத்தில் தள்ளிவிடும். ஆகவே அங்கே போய் ஒரு நாள் கடிகாரத்தோடு உட்காருங்கள். ஸ்கைவிங் (தோல் ஓரத்தைச் சீவி மெல்லியதாக்குவது), ஃபோல்டிங் (ஓரம் மடிப்பது), ஒட்டுவது, ஜாயின்ட் தையல், பைண்டிங் (ஓரப்பட்டி தைப்பது) என ஒவ்வொன்றுக்கும் பத்து ஜோடி நேரம் குறித்து, பத்தால் வகுங்கள். எது பிந்துகிறதோ அங்கே இன்னொரு மெஷினைப் போட முடியுமா, அந்த வேலையைப் பிரித்து இரண்டு பேருக்குக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். ஒரு லைனில் இத்தனை வருடம் இருந்தவருக்கு இது புது வித்தை இல்லை. இதுவரை சூப்பர்வைசர் செய்ததை இனி நீங்கள் செய்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஆர்ட்டிக்கிள், அதாவது தைக்கும் மாடல், மாறும்போதுதான் பலர் கவிழ்கிறார்கள். புது மாடல் வந்தால் முதல் சில நாட்கள் கை பழகாது, உற்பத்தி பாதியாகலாம். 35 ஜோடிதான் போகிறது என்று வையுங்கள். வரவு 1,925, அன்றைக்கு நஷ்டம் 1,575. ஆறு நாள் அப்படிப் போனால் 9,450. இதைத் தாங்கப் பணம் ஒதுக்கியிருந்தால் அது தொழிலின் இயல்பான ஒரு வாரம். ஒதுக்காதவர் அந்த வாரத்திலேயே கடன் வாங்க ஓடுவார். 'ஒரு ஆர்ட்டிக்கிள் குறைந்தது எத்தனை ஜோடி தருவீர்கள்' என்று கம்பெனியிடம் முதலிலேயே கேளுங்கள். இருநூறு ஜோடிக்கு ஒரு மாடல் மாறினால் 55 ரூபாய் கட்டாது. சீசனுக்கும் சீசனுக்கும் நடுவில் எந்த மாதங்களில் வேலை குறையும் என்பதையும் கேளுங்கள்.

அடுத்து பணம் வரும் நாள். கூலியை வாராவாரம் கொடுத்தாக வேண்டும், கம்பெனி பில் மெதுவாகத்தான் வரும். மாதச் செலவு 91,000 ரூபாய். பில் போட்டு 30 நாள் கழித்துப் பணம் வந்தால் இரண்டு மாதச் செலவு, அதாவது 1,82,000 ரூபாய், உங்கள் கையிலிருந்து போயிருக்கும். மெஷின் விலைக்கு மேல் இன்னொரு மெஷின் விலை! தம்பி இதை உங்களிடம் சொல்லவில்லை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. பதினைந்து நாளுக்கு ஒரு பில் என்று பேசி எழுதி வாங்குங்கள். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பானும் போதும், இடைத்தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள். அந்தப் பதிவு இருந்தால், 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் வர வேண்டும், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம்.

இந்தத் தேவைக்கு வாரத் தவணை குழு லோனைத் தொடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். வரவு 45 நாளுக்கு ஒருமுறை, தவணை ஏழு நாளுக்கு ஒருமுறை என்றால் எவ்வளவு உழைத்தாலும் மூச்சு முட்டும். முத்ரா கடன் திட்டத்தில் கிஷோர் பிரிவு 50,000-க்கு மேல் 5 லட்சம் வரை, மாதத் தவணை, ஜாமீன் சொத்து தேவையில்லை. மானியக் கடன் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கும்போது இரண்டு விஷயம் நினைவிருக்கட்டும். 2019-இல் மாவட்டம் பிரிந்தபின் ஆம்பூர் திருப்பத்தூரில் இருக்கிறது, பேரணாம்பட்டு வேலூரில். யூனிட் இருக்கும் இடம்தான் கணக்கு, ஆகவே நீங்கள் போக வேண்டியது வேலூர் மையத்துக்கு. இன்னொன்று, பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் போன்றவற்றில் முதல் கடன் புது யூனிட்டுக்குத்தான், ஓடிக்கொண்டிருக்கும் யூனிட்டை வாங்குவதற்குக் கிடைக்காது.

வேலையை விட்டால் எல்லாம் போய்விடாது. பதினொரு வருடத்துக்குக் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு: 13,000-ஐ 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்தால் 7,500, பதினொரு வருடத்துக்கு 82,500 ரூபாய். மனு கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். பி.எஃப். பணத்தை மெஷினில் போட வேண்டாம். பென்ஷன் கணக்கிலும் பத்து வருடம் தாண்டியிருந்தால் 58 வயதில் பென்ஷன் உரிமை உண்டு, அதற்கான ஸ்கீம் சான்றிதழை வாங்கி வையுங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில் 78 நாளுக்கு இ.எஸ்.ஐ. பிடித்திருந்தால் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை வைத்தியம் உண்டு. ஆடி கழித்து நின்றாலும் அந்த நாட்கள் உங்களுக்குச் சேர்ந்திருக்கும். டிசம்பர் வரைக்கு, போன அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியது கைகொடுக்கும்.

மெஷினைப் பார்க்கும்போது துணியில் ஓட்டிக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கம்பெனி தரும் அதே தோல், அதே நூல், முனை வளைவில் தைத்துப் பாருங்கள். தையல் விட்டால் ஹூக் டைமிங்கோ (கொக்கி ஊசி நூலைப் பிடிக்கும் நேரம்) ஊசித்தண்டின் தேய்மானமோ காரணமாக இருக்கும். ஸ்கைவிங் மெஷினின் வட்டக் கத்தி சாணை பிடித்துப் பிடித்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பாருங்கள், கத்தி தீர்ந்திருந்தால் விலையில் கழியுங்கள். வீட்டுக் கரண்ட் இணைப்பில் ஓடுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். சொல்யூஷன் ஆவி போக எதிரெதிர் ஜன்னல் வேண்டும்.

தம்பியிடம் தயங்காமல் கேட்க வேண்டியது, ஆட்களுக்குக் கொடுத்திருக்கும் அட்வான்ஸ். அது யார் கணக்கு? பேசாமல் எடுத்தால் பழைய பாக்கிக்கும் நீங்களே முதலாளி. கடைசி பன்னிரண்டு மாத பில் புத்தகத்தையும் கேளுங்கள். அதில் டெபிட் எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று தெரியும். இடது வலது நிறம் பொருந்தாமல் போவது, பீஸ் குறைவது, இவற்றுக்கெல்லாம் தோல் விலையைப் பிடிப்பார்கள். 55 ரூபாய்க் கூலியில் ஒரு ஜோடித் தோல் கெட்டால் பல ஜோடிக் கூலி போய்விடும். சலானில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே சைஸ் வாரியாக எண்ணி, நிறம் சேர்த்துப் பார்த்து வாங்குவதை வழக்கமாக்குங்கள்.

ஆட்களை வேலை வாங்குவது பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். சனிக்கிழமை கூலி தவறாமல் வந்தால், தப்பை எல்லோர் முன்னாலும் சொல்லாமல் மெஷின் பக்கத்தில் வந்து தைத்துக் காட்டினால், உங்களோடு நிற்பார்கள்.

என் கருத்து, எடுங்கள். இந்த நிபந்தனைகளோடு எடுங்கள். வேலையை விடுவதற்கு முன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அந்த ஆட்களை வைத்து 50 ஜோடி தைத்துக் கம்பெனிக்கு அனுப்பி, பாஸ் ஆகிறதா என்று பாருங்கள். நேரக் கணக்கில் 73 ஜோடி வராவிட்டால் கம்பெனியிடம் ஜோடிக்கு 60 ரூபாய் கேளுங்கள், அப்போது 67 ஜோடியிலேயே உங்கள் சம்பளம் வந்துவிடும். அதுவும் கிடைக்காவிட்டால் இந்த யூனிட் வேண்டாம், உங்கள் கை வேலைக்கு வேறு யூனிட் வரும். தம்பியிடம் மெஷின் விலையில் பாதியை இப்போதும் மீதியை ஆறு மாதத்திலும் தருவதாகக் கேளுங்கள். இப்போதைய கம்பெனியில் மனஸ்தாபம் இல்லாமல், முறையாக நோட்டீஸ் கொடுத்து வெளியே வாருங்கள். சீசனில் வேலை மிஞ்சும்போது வெளியே கொடுக்க அவர்களும் ஆள் தேடுவார்கள்.

பில் புத்தகத்தைப் பார்த்தபின் டெபிட் தொகையை மட்டும் எழுதி அனுப்புங்கள். அந்த எண் தெரியாமல் இதற்கு மேல் சொல்வது சரியாக இருக்காது.