அடிமை முறைக்கு இப்போது இழப்பீடு கேட்பது நியாயமா?

நியாயம்தான். எனக்கு இதைப் புரியவைத்தவர் பெர்னி கிராண்ட். நான் லண்டன் போவதற்குப் பத்து வருடம் முன்பே அவர் இறந்துவிட்டார்.

2010 முதல் ஆறு வருடம் டாட்டன்ஹாமில் குடியிருந்தேன். செவன் சிஸ்டர்ஸ் ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும் வழியில் அவர் பெயரில் ஒரு கலை மையம் இருக்கிறது. யார் இவர் என்று பக்கத்து வீட்டு ஜமைக்கா பாட்டியிடம் கேட்டேன். உள்ளே கூட்டிப்போய், சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினார். ஆப்பிரிக்க அங்கியோடு பாராளுமன்றம் போன பெர்னி கிராண்ட். "எங்க எம்.பி." என்றார், அவ்வளவுதான்.

அப்போது பிரிட்டிஷ் காலனியாக இருந்த தென் அமெரிக்கக் கயானாவில் பிறந்து, 1963-ல் இங்கிலாந்து வந்து, தொழிற்சங்கத்தில் வளர்ந்து, 1987-ல் எம்.பி. ஆனவர். 1993-ல் நைஜீரியாவின் அபுஜாவில் நடந்த மாநாடு இழப்பீடு கேட்டுப் பிரகடனம் வெளியிட்டதும், பிரிட்டனில் அதற்கென ஓர் இயக்கத்தையே தொடங்கினார்.

"இத்தனை காலம் கழித்து யார் யாருக்குக் கொடுப்பது?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிரிட்டன் ஏற்கெனவே இழப்பீடு கொடுத்துவிட்டது, அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு! 1833-ல் அடிமை முறையை ஒழித்த சட்டம் அவர்களுக்கு 2 கோடி பவுண்டு ஒதுக்கியது. அன்றைய அரசின் ஆண்டுச் செலவில் சுமார் 40 சதவீதம் அது. பெரும்பாலும் கரீபியத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்த சுமார் 8 லட்சம் பேருக்குக் காலணா கிடையாது. 'பயிற்சியாளர்' என்று பெயரை மாற்றி, 1838 வரை பெரும்பாலும் கூலியில்லாமலே அதே தோட்டங்களில் வேலை வாங்கினார்கள்.

பணம் வாங்கியவர்களில் ஜான் கிளாட்ஸ்டனும் ஒருவர். பிற்காலப் பிரதமர் கிளாட்ஸ்டனின் அப்பா. அவருக்கு மட்டும் லட்சம் பவுண்டுக்கு மேல். அப்புறம் தன் கயானா தோட்டங்களுக்கு 1838-ல் கல்கத்தாவிலிருந்து இந்தியக் கூலிகளை வரவழைத்தவரும் அவர்தான். சில வருடங்களில் சென்னையிலிருந்தும் நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு கயானாவுக்குக் கப்பல் போனது. 2023-ல் அந்தக் குடும்பத்து வாரிசுகள் கயானாவுக்கே போய் மன்னிப்புக் கேட்டார்கள்.

அந்த 2 கோடிக்காக அரசு வாங்கிய கடன் 2015-ல்தான் அடைந்தது. 2018-ல் பிரிட்டிஷ் நிதித்துறையே ட்விட்டரில் இதைப் பெருமையாகப் போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் நீக்கியது. படித்த அன்று இரவு, ஊருக்குக் கொண்டுவந்திருந்த பழைய சம்பளச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். மாதாமாதம் வரிப் பிடித்தம். என் காசும் அதில் போயிருக்கிறது. ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் நர்ஸாக இருந்த அந்தப் பாட்டியின் காசும்தான். தன் பாட்டன்மாரை விலைக்கு வாங்கியவர்களுக்கான கடனை அவர் வரி கட்டி அடைத்திருக்கிறார். எனக்கு அன்று தூக்கமே வரவில்லை.

கரீபிய நாடுகள் 2014-ல் வைத்த பத்துக் கோரிக்கைகளில் முதலில் இருப்பது முழுமையான மன்னிப்பு. கடன் தள்ளுபடியும் மருத்துவ உதவியும் அதிலேயே இருக்கின்றன. இதில் எது அதிகப்படியானது என்று எனக்குத் தெரியவில்லை.

பெர்னி கிராண்ட் 2000 ஏப்ரல் 8 அன்று, 56 வயதில் காலமானார். முதலாளிகளுக்கான அந்தக் கடன் தீர அப்போது இன்னும் 15 வருடம் பாக்கி இருந்தது.