பைபாஸ் வெயின் உடம்புக்கு வெளியே இருக்கும் நேரம்: கேள்வி பதில்

இதயத்தின் அடைத்த ரத்தக்குழாயைத் தாண்டி ரத்தம் போக வேறொரு குழாயை ஒட்டவைப்பதுதான் பைபாஸ், அந்த ஒட்டுக்குழாய்தான் கிராஃப்ட். இதய அறுவை அரங்கில் அதற்குக் காலிலிருந்து வெயின் (சிரை, பேச்சில் ‘கால் நரம்பு’ என்பது இதைத்தான்) எடுத்துக் கொடுப்பது என் வேலை. எடுத்த வெயினைக் கழுவி, ஊதிப் பார்த்து, கிண்ணத்தில் ஊறப்போடுகிறோமே, அதில் அதன் உள்படலத்துக்கு என்ன ஆகிறது என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். மாத்திரையைக் கூட்டலாமா குறைக்கலாமா என்பதை மட்டும் உங்கள் டாக்டரிடமே கேளுங்கள்.

அப்பாவுக்கு மூன்று கிராஃப்ட். ஒன்று நெஞ்சுக்குள்ளேயே எடுத்தது, இரண்டு கால் நரம்பு. கால் நரம்பு சீக்கிரம் அடைத்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள், உண்மையா அக்கா?

பாதி உண்மை தம்பி. நெஞ்சுத் தமனி 10 ஆண்டு கழித்தும் 90 சதவீதத்துக்கு மேல் திறந்திருக்கும். கால் வெயினில் ஏறக்குறைய பாதிதான் அதுவரை தாங்கும். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1967-இல் ஃபவலோரோ கால் வெயினைப் பைபாஸுக்குப் பயன்படுத்தத் தொடங்கிய பின் அது உலகமெங்கும் பரவியது. நீளமாகக் கிடைக்கும், எடுப்பது எளிது. அதனால் இன்றும் அதை விட முடியவில்லை.

இரண்டுக்கும் பிறவியிலேயே வேறுபாடு உண்டு. அது போக, நெஞ்சுத் தமனியைப் பெரும்பாலும் ஒரு முனையில்தான் வெட்டுகிறோம். மறுமுனை உடம்போடு ஒட்டியே இருக்கும். கால் வெயினோ முழுதாக வெளியே வந்து, எங்கள் கையில் படாத பாடு பட்டு, பிறகுதான் இதயத்துக்குப் போகிறது.

ஊதிப் பார்ப்பது எதற்கு?

வெயினில் நிறையக் கிளைகள் இருக்கும். ஒவ்வொன்றையும் கட்டியிருக்கிறோமா, எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று தெரிய வேண்டும். சைக்கிள் டியூபில் பஞ்சர் தேடுகிற அதே வேலைதான். சிரிஞ்சில் சலைனை, அதாவது உப்புநீரை, ஏற்றி அமுக்குவோம். வெயின் சுருங்கிக் கிடந்தால் விரியவும் செய்யும்.

பிரச்சினை கட்டைவிரலில் இருக்கிறது. அந்த வெயின் பழகியது மிகக் குறைந்த அழுத்தத்துக்கு. சிரிஞ்சைக் கையால் அமுக்கும்போது 300 மில்லிமீட்டர் பாதரசத்தையும் தாண்டிவிடும், அமுக்குகிறவருக்கே தெரியாது. உள்ளே ஒரே ஒரு செல் கனத்தில் விரிந்திருக்கும் உள்படலம், அதாவது எண்டோதீலியம், அங்கங்கே உரிந்துவிடும்.

உரிந்தால் அழற்சி எப்படி வருகிறது? நான் மருத்துவ மாணவி, கொஞ்சம் விவரமாகவே சொல்லுங்கள்.

முற்றிலும் உரிந்த இடம் ஒரு கதை, உரியாமல் அடிபட்ட இடம் வேறு கதை. உரிந்த இடத்தில் சுவரின் நார்ப்புரதமான கொலாஜன் வெளியே தெரியும். ரத்தம் பாய்ந்ததும், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் வந்து ஒட்டும். முதல் மாதத்தில் அடைப்பதற்கு ரத்த உறைவுதான் முக்கியக் காரணம்.

அடிபட்டும் உயிரோடு இருக்கும் செல்தான் அழற்சியைக் கிளப்புகிறது. நைட்ரிக் ஆக்சைடும் புரோஸ்டாசைக்ளினும் சுரப்பது குறைகிறது. குழாயைத் தளர்த்தி, தட்டணுவை ஒட்டவிடாமல் வைத்திருந்தவை இவைதான். வெள்ளணுவைப் பிடிக்கும் புரதமான பி-செலக்டினை, ஏற்கெனவே செய்து சேமித்து வைத்திருப்பதால், செல் சில நிமிடங்களிலேயே மேற்பரப்புக்குக் கொண்டுவந்துவிடும். உள்ளே என்எஃப்-கப்பா-பி என்ற அழற்சி மரபணுச் சுவிட்ச் தூண்டப்பட்டு, அடுத்த சில மணி நேரத்தில் வெள்ளணுவை ஒட்டவைக்கும் ஐகேம்-1, விகேம்-1, அவற்றை அழைக்கும் எம்சிபி-1 எல்லாம் தயாராகும். வெள்ளணுக்கள் பிடித்துக்கொண்டு சுவருக்குள் நுழைய இவை போதும். அவையும் தட்டணுக்களும் விடும் வளர்ச்சிக் காரணிகளால் நடுச்சுவரின் மென்தசைச் செல்கள் உள்பக்கமாக நகர்ந்து பெருகும். முதல் ஆண்டில் குழாய் குறுகுவது பெரும்பாலும் இதனால். தடித்த அந்த உள்சுவரில்தான் பிற்பாடு கொழுப்புப் படிகிறது.

இதயத்தில் வைத்ததும் 120 அழுத்தம் எப்படியும் வரப்போகிறது. முன்கூட்டி ஊதினால் மட்டும் என்ன கெட்டுவிடும்?

நல்ல கேள்வி. தமனியின் அழுத்தமே வெயினுக்கு அதிர்ச்சிதான், அதைத் தவிர்க்க வழியில்லை. ஆனால் 120 வேறு, 300 வேறு. அதோடு, ஆக்சிஜன் இல்லாமல் கிண்ணத்தில் கிடந்து ஏற்கெனவே சோர்ந்த செல்மேல் அந்த 300 விழுகிறது. அழுத்தம் எல்லை மீறாமல் தடுக்கும் சிரிஞ்சுகள் இருக்கின்றன. எல்லா அரங்கிலும் பார்க்க முடியாது என்பது என் வருத்தம்.

ஊறவைப்பது எதில்? சாதாரண சலைனா?

பல இடங்களில் அதுதான், அல்லது ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கலந்த நோயாளியின் சொந்த ரத்தம். சலைனின் பிஹெச் (அமில-கார அளவு, குறைந்தால் அமிலம்) சுமார் 5.5. ரத்தம் 7.4. சலைனில் குளுக்கோஸ் கிடையாது, கால்சியம் கிடையாது, அமிலத்தைச் சமன்செய்ய எதுவும் கிடையாது. சொந்த ரத்தம் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் திறந்த கிண்ணத்தில் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி அது காரத்தன்மை பக்கம் போய்விடும்.

இங்கே பிரிவென்ட்-4 ஆய்வைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 3,014 நோயாளிகள். எடிஃபோலிகைடு என்ற மருந்தில் வெயினை நனைத்து வைத்தால் உள்சுவர் தடிக்காது என்று எதிர்பார்த்தார்கள். 2005-இல் முடிவு வந்தது: மருந்து போட்டவர்களில் 45, போடாதவர்களில் 46 சதவீதம் பேருக்கு, 12 முதல் 18 மாதத்துக்குள் ஒரு வெயினாவது கெட்டிருந்தது. மருந்து தோற்றது. ஆனால் அதே தரவை எடுத்து, எந்தத் திரவத்தில் வைத்தார்கள் என்று 2014-இல் பிரித்துப் பார்த்தபோது, பிஹெச் சமன்செய்த திரவத்தில் வைத்த வெயின்கள் சலைனையும் ரத்தத்தையும் விட நன்றாக இருந்தன. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஒப்பீடு அல்ல, அதனால் தீர்ப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் விலை உயர்ந்த மருந்தைத் தேடிய ஆய்வில், கிண்ணத்தில் இருந்த தண்ணீரை யாரும் பெரிதாக நினைக்கவில்லை பாருங்கள்.

‘நோ-டச்’ முறை என்கிறார்களே, தொடாமல் எப்படி எடுப்பது?

தொடத்தான் வேண்டும், வெயினை நேரடியாகத் தொடுவதில்லை. சுற்றியுள்ள கொழுப்போடு சேர்த்தே எடுப்பார்கள், ஊத மாட்டார்கள். சுவீடனின் ஓரெப்ரோவில் டோமிங்கோஸ் சூசா 1990-களில் வளர்த்த முறை. வெளிச்சுவரிலுள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் தப்பிக்கின்றன, கொழுப்பும் சில பாதுகாப்புப் பொருட்களைச் சுரக்கிறது. அங்கேயே 16 ஆண்டு கழித்துப் பார்த்ததில், இப்படி எடுத்தவற்றில் 83 சதவீதம் திறந்திருந்தன. வழக்கமான முறையில் 64. சீனாவில் 2,655 பேரிடம் செய்த ஆய்விலும் ஓராண்டு அடைப்பு 6.5 சதவீதத்திலிருந்து 3.7-க்கு இறங்கியது.

அதற்காக உடனே கொண்டாட வேண்டாம். 902 பேரை வைத்து நடந்த ஸ்வீட்கிராஃப்ட் ஆய்வில், இரண்டு ஆண்டு முடிவில் பாதிப்பு நோ-டச்சில் சுமார் 20, வழக்கமான முறையில் 24 சதவீதம். வேறுபாடு உறுதியாகவில்லை, காலில் புண் ஆறாத தொல்லையோ நோ-டச்சில் தெளிவாகவே அதிகம். கடுமையான சர்க்கரை நோயாளியின் காலில் நான் யோசிப்பேன்.

அம்மாவுக்குச் சிறு துளை வழியாக எடுத்தார்கள். அது வெயினுக்குக் கெடுதலா?

இழுபறியில் உள்படலம் அடிபடும் என்ற பயம் முன்பு இருந்தது. 1,150 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான ரீகுரூப் ஆய்வில், அனுபவசாலிகள் எடுத்தபோது மரணம், மாரடைப்பு எதிலும் வித்தியாசமில்லை. காலில் தொற்று குறைந்தது. கவலை வேண்டாம்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் சிஆர்பி ரொம்ப ஏறியிருக்கிறது. கிராஃப்ட் வீங்கிவிட்டதா?

இல்லை ஐயா. சிஆர்பி என்பது உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதம். மார்பெலும்பை அறுத்த எவருக்கும் இரண்டு மூன்று நாளில் சிஆர்பி உச்சிக்குப் போகும். கிராஃப்டின் நிலையை அதை வைத்துச் சொல்ல முடியாது.

வெயின் ஏற்கெனவே வைத்தாகிவிட்டது. இனி எங்களால் ஆகக்கூடியது?

தட்டணுவை ஒட்டவிடாத ஆஸ்பிரினும், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டினும். ஆஸ்பிரினை அறுவை முடிந்த ஆறு மணி நேரத்துக்குள்ளேயே பெரும்பாலும் தொடங்கிவிடுவார்கள், வீட்டுக்கு வந்தபின் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். கொலஸ்ட்ரால் நார்மல் ஆகிவிட்டது என்று ஸ்டாட்டினை நிறுத்தாதீர்கள். ரிப்போர்ட் நார்மலாக இருப்பதே அந்த மாத்திரையால்தான். பீடி, சிகரெட் ஒன்றுகூடக் கூடாது.